சக்கரம் சுற்றும்வரை

சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகளான எங்கள் லைனில் ஒரு வழக்கம் இருந்தது. தரை அதிர்ந்தால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வெளியே வந்து ஷாஃப்டைப் பார்த்து நிற்க வேண்டும். ஷாஃப்ட் என்றால் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்குகிற குழி. அதன் தலைமேல் ஓர் இரும்புக் கோபுரம், கோபுரத்தின் உச்சியில் ஒரு பெரிய சக்கரம். சக்கரம் சுற்றினால் ஆட்களைக் கொண்டுபோகிற கேஜ் என்ற கூண்டு ஏறி இறங்குகிறது, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். நின்றுவிட்டால் என்ன அர்த்தம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

கோரமண்டல் என்கிற எங்கள் ஊரில், வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் சக்கரம் நன்றாகத் தெரியும். ஆழத்தில் எங்கோ பாறை அழுத்தம் தாங்காமல் வெடித்து நொறுங்கும்போது மேலே தகரக் கூரை தடதடக்கும், தட்டுகள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். இதற்குப் பர்ஸ்ட் என்று பேர். முதலில் உள்ளங்காலில்தான் தெரியும், சத்தம் அப்புறம் வரும். பெண்கள் அடுப்பில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். ஷிப்ட் முடித்துத் தூங்குகிற ஆண்களும் எழுந்து வருவார்கள். காய்ச்சலில் கிடப்பவர்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நிறுத்துவார்கள். சக்கரம் மறுபடி சுற்றும்வரை யாரும் உட்காரக் கூடாது. "நீ குந்திக்கினா உள்ள கீறவங்க எப்பிடிடா எழுந்து வருவாங்க?" என்று அம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அப்பா உள்ளேதான் இருப்பார். பாறை சரியாமல் மரத்தால் முட்டுக் கொடுக்கிற வேலை அவருக்கு.

எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். அப்பா உள்ளே இருக்கிறார் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கும்தான். ஆனாலும் அந்த நேரத்தில் லைனில் யாரும் யாரோடும் பேச மாட்டார்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்ப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு முழுசாகத் தெரிந்த காரியம் அது ஒன்றுதான். மற்றபடி மனிதர்கள் கூடினால் நான் விலகிப் போய்விடுவேன்.

மனிதர்களிடம் எனக்குள்ள பெரிய சண்டையே அவர்கள் சொல்வது வேறு, நினைப்பது வேறு என்பதுதான். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் என்னைப் பார்த்து "வாப்பா, சாப்புடலாம்" என்றாள். நான் போய் உட்கார்ந்து சாப்பிட்டேன். ஷிப்ட் முடிந்து வரும் அவள் புருஷனுக்கு வைத்திருந்த களியையும் குழம்பையும் சாப்பிட்டுவிட்டேன் என்று அப்புறம்தான் தெரிந்தது. "ஒரு பேச்சுக்குக் கூப்ட்டா இப்பிடியா வந்து குந்திக்குவாங்க?" என்று அவள் லைன் முழுக்கச் சொல்லிவிட்டாள். பேச்சுக்குக் கூப்பிடுவது எதற்கு? சாப்பிட வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்வதற்கு என்ன கேடு? எண்பதை நெருங்குகிறேன், இன்னமும் இது எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு அம்மா வந்து என்னைக் கூட்டிப்போனாள். வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டுக் களியை எடுத்துக்கொண்டுபோய் அந்த வீட்டில் வைத்துவிட்டு வந்தாள். என்னைத் திட்டவில்லை.

அந்தக் காலத்தில் எனக்கு வைத்திருந்த பெயர்கள் பல. அழுத்தக்காரன், அரைக் கிறுக்கு, தலைக்கனம் பிடித்தவன். பல வருஷம் கழித்து என் அக்காவின் பேரனை பெங்களூரில் டாக்டரிடம் காட்டினார்கள். நானும் கூடப் போயிருந்தேன். பையன் யார் கண்ணையும் பார்ப்பதில்லை, சோற்றில் குழம்பு பட்டால் சாப்பிடுவதில்லை, சட்டைக் காலரில் துணிப்பட்டி உரசினால் அழுகிறான். இதற்கு ஆட்டிசம் என்று பேர் என்றார் டாக்டர். வியாதி இல்லை, பிறவியிலேயே மூளை அமைந்த விதம் என்றார். அக்கா பேரனைப் பார்க்கவில்லை, திரும்பி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசி என்ன, எல்லாம் முடிந்துபோனதுதானே.

பையன் வளர்ந்தால் மைனுக்குப் போவான் என்பது எங்கள் ஊர் எழுதாத சட்டம். அப்பாவும் என்னைச் சேர்க்கப் பார்த்தார். முதல் நாள் கேஜில் ஏறினேன். இருட்டில், ஆளோடு ஆள் ஒட்டி, ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில் படுகிற மாதிரி நிற்க வேண்டும். நான் போட்ட கூச்சலில் கேஜை மறுபடி மேலே ஏற்றி என்னை இறக்கிவிட்டார்கள். அன்று ஷிப்டுக்குப் போன எல்லோரும் அப்பாவிடம் அனுதாபமாகப் பேசினார்களாம். அவருக்கு அதுதான் தாங்கவில்லை. பல நாள் என்னோடு பேசாமல் இருந்தார்.

சீனா சண்டை முடிந்த சமயம். பட்டாளத்துக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்துப் பையன்கள் ரயிலேறி பெங்களூருக்குப் போய் வரிசையில் நின்றார்கள். நானும் போய் நின்றேன். உயரம் இருந்தது, மார்பு விரிந்தது, கண் சரியாக இருந்தது. கேட்டதற்குப் பதில் சொன்னேன். பாலம் கட்டவும் பதுங்குகுழி வெட்டவும் கண்ணிவெடி புதைக்கவும் பழக்குகிற ஒரு பிரிவில் என்னைச் சேர்த்தார்கள். ஊரில் யாரும் நம்பவில்லை. "இவனா? ஒரு வாரத்துல ஓடியாந்துருவான் பாரு" என்றார்கள்.

நான் ஓடி வரவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், பட்டாளம் எனக்குச் சொர்க்கமாக இருந்தது. காலையில் பியூகிள் ஊதினால் எழுந்திருக்க வேண்டும், மறுபடி ஊதினால் சாப்பிட வேண்டும். ஒரு பேச்சுக்கு யாரும் கூப்பிடுவதில்லை. ஹவில்தார் "ஃபால் இன்" என்றால் அதற்கு வரிசையில் வந்து நில் என்பதைத் தவிர வேறு அர்த்தம் இல்லை. ஆய்வு நாளில் எங்கள் சாமான்களைக் கட்டிலின்மேல் பரப்பி வைப்போம். தட்டு இங்கே, மக் இங்கே, மடித்த காலுறை இங்கே என்று ஒவ்வொன்றுக்கும் இடம் உண்டு. நாங்கள் தங்குகிற பாரக் முழுக்க எல்லாக் கட்டிலும் ஒன்றேபோல் இருக்கும். மற்றவர்கள் அதைச் சபித்துக்கொண்டே செய்வார்கள். நான் செய்து முடித்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் என் சாமானை அக்கா இடம் மாற்றி வைத்துவிட்டால் நான் அழுதிருக்கிறேன். இங்கே இடம் மாறினால் தண்டனையே உண்டு. எனக்கு வேறென்ன வேண்டும்?

கஷ்டம் இல்லாமல் இல்லை. போர்த்திக்கொள்ளக் கொடுத்த கம்பளி உடம்பில் பட்டால் எறும்பு ஊறுகிற மாதிரி இருக்கும். பனிக்காலத்திலும் அதைக் காலடியில் தள்ளிவிட்டு விறைத்துக் கிடப்பேன். லங்கர் என்கிற சமையல்கூடத்தில் சோற்றின்மேலேயே பருப்பைக் கொட்டுவார்கள். முதலில் பட்டினி கிடந்தேன், பிறகு மக்கில் பருப்பை வாங்கிக்கொண்டு வெளியே போய்த் தனியாகச் சாப்பிடப் பழகினேன். பெரிய விருந்து நாட்களில் எல்லோரும் தட்டைத் தட்டிப் பாடி ஆடுவார்கள். நான் கண்ணிவெடிக் கிடங்குப் பக்கம் காவலுக்குப் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்வேன். தூரத்தில் அவர்கள் சிரிப்பது கேட்கும். போய்ச் சேர்ந்துகொள்ள ஆசை இருக்கும், எப்படிச் சேர்வது என்று தெரியாது. தனிமை பிடித்தவன் என்று என்னைச் சொல்வார்கள். அது பொய். சத்தம் பிடிக்காதவன், அவ்வளவுதான்.

எங்கள் ஹவில்தார் குடியாத்தம் பக்கத்துக்காரர். கறாரானவர். ஆனால் என்னைச் சீண்டுகிறவர்களிடம், "அவன் வேலைய அவன் செய்றானா இல்லியா? அப்பால இன்னாத்துக்கு அவன் கிட்ட போறீங்க?" என்பார். அதற்குமேல் என்னிடம் ஒட்டவும் மாட்டார். அவரைப் போன்ற மனிதர் எனக்கு வசதி.

கம்பெனி என்கிற எங்கள் படைப்பிரிவில் என் ஊர்க்காரன் ஒருவனும் இருந்தான். பக்கத்துச் சுரங்கமான சாம்பியன் ரீஃப் பையன், அவன் அப்பாவும் அண்டர்கிரவுண்டு ஆள்தான். வாய் மூடாமல் பேசுவான். ராபர்ட்சன்பேட்டை சினிமாக் கொட்டகை, மார்க்கெட் பக்கத்துப் பிரியாணி, கல்யாணம் ஆகி வந்த அவன் பெண்டாட்டி முதல் தடவை பர்ஸ்ட் வந்தபோது அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டது என்று ஒன்று விடாமல் சொல்வான். நான் பதில் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்க மாட்டான். இருவரும் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டபடி அவன் பேச, நான் கேட்க, அப்படியே பொழுது போகும். சிநேகிதம் என்றால் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன். வேறு சிநேகிதம் எனக்குத் தெரியாது.

பென்ஷன் வாங்குகிறவரை இங்கேயே இருந்துவிட வேண்டும் என்பதுதான் என் ஆசை. பதவி உயர்வு வேண்டாம், மெடல் வேண்டாம். அந்தக் கட்டிலும் அதன்மேல் பரப்பிய சாமான்களும் பியூகிளும் போதும். ஊருக்குத் திரும்பினால் நான் பழையபடி அரைக் கிறுக்கு ஆகிவிடுவேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது.

பாகிஸ்தானோடு சண்டை வந்தபோது எங்களை மேற்கு எல்லைக்குக் கொண்டுபோனார்கள். கரும்பு வயல் ஓரத்தில் பதுங்குகுழி வெட்டினோம். சற்றுத் தூரத்தில் ஒரு செங்கல் சூளை, அதன் புகைபோக்கி மட்டும் வயலுக்குமேல் உயர்ந்து நின்றது. குண்டுகள் வந்தன. எனக்குப் பயமாக இருந்தது, ஆனால் குழப்பமாக இல்லை. குண்டு வருவதற்கு முன்னால் வானத்தில் ஒரு விசில் கேட்கும். விசில் கேட்டால் குனிய வேண்டும், அது விதி. நான் விதிப்படி குனிந்தேன்.

அன்றைக்கு நடுப்பகல். விசில் எதுவும் கேட்கவில்லை. முதலில் உள்ளங்காலில் தெரிந்தது. குழியின் அடியிலிருந்து அதிர்வு ஏறி முழங்கால்வரை வந்தது, அதற்கப்புறம்தான் அடித்தொண்டையில் உறுமுகிற அந்தச் சத்தம் வந்தது. எங்கோ ஒரு வெடிமருந்துக் கிடங்கு எரிந்து வெடித்ததாம், அதைப் பிறகு சொன்னார்கள். என் காலுக்கு அது தெரியாது. என் காலுக்குத் தெரிந்ததெல்லாம் கோரமண்டல்தான்.

நான் குழியை விட்டு வெளியே வந்து நின்றேன். வெட்டவெளியில், நிமிர்ந்து, சூளையின் புகைபோக்கியைப் பார்த்து நின்றேன். அங்கே ஒரு சக்கரம் இருக்க வேண்டும், அது இல்லை என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. அது சுற்றட்டும் என்று காத்திருந்தேன். பின்னாலிருந்து ஹவில்தார் படுக்கச் சொல்லிக் கத்துவது கேட்டது. அவர் சொல்லை நான் மீறியதே இல்லை. ஆனால் சக்கரம் சுற்றாமல் எப்படிப் படுப்பது? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு அன்று இரண்டும் பக்கம் பக்கமாக வந்துவிட்டன.

நான் மேலே ஏறியபோது ஒன்றைப் பார்த்தேன். பக்கத்துக் குழியில் என் ஊர்க்காரனும் எழுந்திருந்தான். மார்புவரை வெளியே வந்து, இரண்டு கைகளையும் மண்ணில் ஊன்றி, அதே பக்கம் பார்த்தான். அடுத்த நிமிஷமே உள்ளே இறங்கிவிட்டான். அவனுக்கு இறங்கத் தெரிந்தது.

அப்புறம் விசில்கள் வந்தன. வயலில் மண் எழும்பி விழுந்தது. ஹவில்தாரும் இன்னொருவரும் ஊர்ந்து வந்து என் பெல்ட்டைப் பிடித்து இழுத்துக் குழிக்குள் போட்டார்கள். யாருக்கும் அடி படவில்லை. அது கடவுள் புண்ணியம் என்றார் ஹவில்தார்.

சண்டை நின்ற பிறகு விசாரணை வந்தது. எதிரிக்கு நம் இடத்தைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி நின்றவன், தனியாகச் சாப்பிடுகிறவன், கேட்டால் கண்ணைப் பார்க்காதவன், உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஆடுகிறவன். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தார்கள். ராணுவ ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் பார்த்து முடிவு செய்வார்கள் என்றார்கள். அதுவரை கம்பெனியில் இருக்கலாம்.

என்னை எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஹவில்தார் முடிவு செய்தார். "தரை ஆடுனா நீ படுக்கணும். அத்த மட்டும் கத்துக்கோ. டாக்டருக்கு முன்னால செஞ்சி காட்டு. வச்சிக்குவாங்கடா உன்னிய" என்றார். தினமும் பரேடு முடிந்த பிறகு என்னை மைதானத்தில் நிறுத்துவார். நான் பார்க்காதபோது பின்னால் ஒரு பெரிய மர உத்தரத்தைத் தூக்கித் தரையில் போடுவார். தரை அதிரும். நான் குப்புற விழ வேண்டும், கைகளால் தலையை மூட வேண்டும், காது கிழியாமலிருக்க வாயைத் திறந்து வைக்க வேண்டும். முதலில் விழ முடியவில்லை. உடம்பு நிமிர்ந்து நிற்கும், கண் சக்கரத்தைத் தேடும். அவர் சலிக்கவில்லை. திட்டவும் இல்லை. திரும்பத் திரும்பத் தூக்கித் திரும்பத் திரும்பப் போட்டார். எனக்கு ஒன்று பதிய நாளாகும், பதிந்துவிட்டால் போகாது. கடைசியில் அவர் சும்மா காலை ஓங்கித் தரையில் மிதித்தாலே நான் விழுந்துவிடுவேன். "ஷாபாஷ்" என்றார். அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏன் வெளியே போனாய் என்று இந்தியில் கேட்டார். சக்கரம் சுற்றவில்லை சாப் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். எந்தச் சக்கரம் என்றார். எங்கள் ஊர்ச் சக்கரம், தரை ஆடினால் எல்லோரும் அதைப் பார்த்து நிற்போம் என்றேன். அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். நான் படுத்துக் காட்டுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். ஹவில்தார் சொன்னபடி செய்ய வேண்டுமே என்று, தரையில் படுத்து, தலையை மூடி, வாயைத் திறந்து காட்டினேன். அதிராத தரையில். டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதினார். எழுந்தபோதுதான் இதைச் செய்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

பிறகு சாட்சிக்கு வரச் சொல்லியிருந்த என் ஊர்க்காரனை உள்ளே கூப்பிட்டார்கள். இந்த ஆள் சொல்கிறபடி உங்கள் ஊரில் அப்படி ஒரு வழக்கம் உண்டா என்று கேட்டார்கள். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். நான் யார் முகத்தையும் பார்ப்பதில்லை, அன்று பார்த்தேன். அவன் சொல்லிவிட்டால் போதும். அவன் மார்புவரை வெளியே வந்ததைச் சொல்ல வேண்டாம். எங்கள் ஊரில் தரை ஆடும், எல்லோரும் வெளியே வந்து நிற்போம் என்றால் போதும்.

அவன் சிரித்தான். "அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது சாப்" என்றான்.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. வழக்கம்போல, இவன் சொல்வதற்கு வேறு ஏதோ அர்த்தம் இருக்கிறது, எனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்தேன். அவனுக்குப் பெண்டாட்டி இருந்தாள், ஒரு குழந்தை பிறந்திருந்தது, தானும் எழுந்தது தெரிந்தால் தன்னையும் அனுப்பிவிடுவார்கள் என்று பயந்திருக்கலாம். இதையெல்லாம் யோசித்துக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று. பிறகு ராபர்ட்சன்பேட்டை பஜாரில் ஓரிரு தடவை அவனைத் தூரத்தில் பார்த்திருக்கிறேன். அவன் எதிர்ப்பக்கம் போய்விடுவான். போகட்டும்.

பட்டாளத்துக்கு ஏற்ற மனநிலை இல்லை என்று என்னை அனுப்பினார்கள். கட்டிலின்மேல் சாமான்களைக் கடைசியாகப் பரப்பி ஒப்படைத்தேன். மக்கின் கைப்பிடி வலப்பக்கம் பார்க்க வேண்டும். பார்த்தது. ஹவில்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார். ரயிலில் நான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் "ஊர்ல ஏதாவது துக்கமா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். உண்மையும் அதுதான், துக்கம் ஊரில் இல்லை.

கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்கி வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் ஜனங்கள் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சண்டைக்குப் போய்த் திரும்பியவன் அல்லவா. "லீவு எவ்ளோ நாளுப்பா?" என்றால், "லீவு இல்ல, அனுப்பிட்டாங்க" என்பேன். அடுத்த கேள்வி இருக்காது. நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா வாசலில் நின்றாள். "லீவுன்னு சொல்லி இருக்கலாம் இல்லப்பா?" என்றாள். "லீவு இல்லியேம்மா" என்றேன். "சரி, உள்ள வா" என்றாள். தட்டில் களியை ஒரு பக்கமும் குழம்பை ஒரு கிண்ணத்திலும் தனித்தனியாக வைத்தாள். அப்பா ஷிப்டிலிருந்து வந்து என் பூட்ஸைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பகலில் கட்டிலின்மேல் என் சட்டை, சோப்பு, சீப்பு எல்லாவற்றையும் பரப்பி வைப்பேன். யாரும் ஆய்வுக்கு வர மாட்டார்கள். மறுபடி எடுத்து வைப்பேன். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். என் வயதுப் பையன்கள் ஷிப்டுக்குப் போவார்கள், வருவார்கள், பஜாருக்குப் போவார்கள். யாரும் என்னைத் துன்புறுத்தவில்லை. கூப்பிடவும் இல்லை. பட்டாளத்தில் இருந்த தனிமைக்கு ஒரு வரிசையாவது இருந்தது, அந்த வரிசையில் எனக்கு ஓர் இடமும் இருந்தது. இங்கே அதுவும் இல்லை.

ஒருநாள் காலை. அப்பா ஷிப்டில் இருந்தார். அம்மா உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்தாள். நான் துவைத்த துணியைக் கொடியில் போட வாசலுக்கு வந்தேன். உள்ளங்காலில் தெரிந்தது.

பெரிய பர்ஸ்ட். தகரங்கள் தடதடத்தன, எங்கோ ஒரு குடம் உருண்டது. கதவுகள் திறந்தன, லைன் முழுவதும் வெளியே வந்தது. எல்லோரும் நின்றார்கள். சக்கரம் நின்றிருந்தது.

நான் விழுந்து கிடந்தேன். வாசல் தெருவில், ஈரத் துணியின்மேல், குப்புற, கைகளால் தலையை மூடி, வாயைத் திறந்துகொண்டு.

எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. அப்பா உள்ளே இருக்கிறார் என்று தெரிந்தது. என் சின்ன வயதிலிருந்து நான் சரியாகச் செய்த ஒரே காரியம் இது. எழுந்து நின்றால் போதும், எல்லோரையும் போல் ஆகிவிடலாம். உடம்பு எழவில்லை. ஹவில்தார் நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருந்தார். சண்டையில் நிமிர்ந்து நின்றேன், ஊரில் விழுந்து கிடக்கிறேன். வாயில் மண் போனது. அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

"டேய், எழுந்திருடா! உங்கப்பன் உள்ள கீறாருடா!" என்று யாரோ கத்தினார்கள். "பட்டாளத்துக்குப் போயி பயந்துகினு வந்துட்டான் பாரு" என்றது இன்னொரு குரல். "அபசகுனமா கெடக்கறானே, தூக்கி நிறுத்துங்க யாராச்சும்." ஒரு கை என் தோளைத் தொட்டது. நான் கத்தினேன். கை விலகியது.

அம்மாவின் கால் என் முகத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாவு ஒட்டிய கால். எழுந்திரு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் சொல்லியிருந்தால் ஒருவேளை எழுந்திருப்பேன். கொஞ்ச நேரம் நின்றாள். சக்கரத்தைத்தான் பார்த்திருப்பாள், வேறெதைப் பார்ப்பாள்?

பிறகு என் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தாள்.

லைன் முழுக்க மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. புருஷன் உள்ளே இருக்கும்போது, சக்கரம் நின்றிருக்கும்போது, ஒரு பெண்பிள்ளை உட்கார்ந்து எங்கள் லைனில் யாரும் பார்த்ததில்லை. பக்கத்து வீட்டு அக்கா, அதே களிக்கார அக்கா, அழுகிற குரலில் கத்தினாள். "இன்னாம்மே செய்யற நீ? எழுந்திரு! அந்த மனுசன் உள்ள கீறாரும்மே!"

"கால் வலிக்குதுக்கா" என்றாள் அம்மா. "நிக்க முடியல."

அவள் என்னைத் தொடவில்லை. தொட்டால் எனக்கு ஆகாது என்று அவளுக்குத் தெரியும். சக்கரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் பல் கடகடவென்று அடித்துக்கொள்வது எனக்கு மட்டும் கேட்டது.

சக்கரம் சுற்றியது. எப்போது என்று நான் பார்க்கவில்லை, கதவுகள் மூடுகிற சத்தத்தில் தெரிந்துகொண்டேன். அப்பா வேறோர் ஆழத்தில், வேறு லெவலில் இருந்திருக்கிறார், ஒரு கீறல்கூட இல்லாமல் வந்தார். விஷயம் ஷாஃப்ட் வாசலிலேயே அவர் காதுக்குப் போயிருந்தது. வந்ததும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் "நீ குந்திக்கினியாமே?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"கால் வலிச்சுது" என்றாள்.

அப்பா அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் ஊருக்கு வந்த பிறகு அவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குளிக்கப் போனார். மறுநாள் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய், கால்வலிக்கு என்று ஒரு தைலச் சீசா வாங்கிவந்து அலமாரியில் வைத்தார்.

லைனில் பெண்கள் அம்மாவோடு வெகுநாள் பேசவில்லை. தெருக்குழாயில் தண்ணீர் வர எவ்வளவு நேரமானாலும் அவள் குடத்தோடு தனியாக நிற்பாள், ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குக்கூட மாற மாட்டாள். நான் வீட்டுக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கும் என் தனிமை ஒட்டிக்கொண்டதே என்று இருக்கும்.

அப்பாவும் போய், அம்மாவும் போய், மைனையும் மூடிவிட்டார்கள். சக்கரம் சுற்றுவதில்லை, தரையும் ஆடுவதில்லை. நான் அதே வீட்டில் இருக்கிறேன். அம்மா செத்த பிறகு அலமாரியைத் துடைத்தபோது அந்தத் தைலச் சீசாவை எடுத்துப் பார்த்தேன். மூடியின்மேல் ஒட்டியிருந்த காகிதம்கூடக் கிழியவில்லை.